நிறுத்தற்குறியும் பெயர் வரிசையும்



ஒரு பெயர் பட்டியலில் இருப்பது வேறு. தேடுவோர்க்கு அது அகப்படுவது வேறு. இரண்டையும் இணைப்பது வரிசைமுறை என்னும் உடன்பாடு. அவ்வுடன்பாட்டைச் சிறியதொரு நிறுத்தற்குறி சோதித்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

அயர்லாந்தின் குடிப்பெயர்களில் 'ஓ' என்பது வழித்தோன்றலைக் குறிக்கும். ஐரிஷ் மொழியில் அவ்வெழுத்தின் தலைமேல் ஒரு கீற்று உண்டு. பெயர்கள் ஆங்கில வடிவம் பெற்றபோது, அக்கீற்று மறைந்து எழுத்தின் அருகே ஒரு குறி நின்றது. ஓ'பிரையன் என்னும் பெயர் அத்தகையது.

அட்டைகளை மனிதர் அடுக்கிய காலத்தில், பெயரின் பொருளறிந்து விதி வகுத்தனர். அமெரிக்க நூலகர் சார்ள்ஸ் கட்டர் 1876 இல் வெளியிட்ட விதிகள், 'மெக்' எனச் சுருங்கிய முன்னொட்டை 'மாக்' என முழுமையாக எழுதியதுபோற் கொண்டு அடுக்கச் சொல்லின.

கணினியோ பொருளை அறியாது, எண்ணையே அறியும். 1963 இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி நியமத்தில் அக்குறிக்கு 39 என்னும் எண்ணும், 'ஏ' எழுத்துக்கு 65 என்னும் எண்ணும் வழங்கப்பட்டன. ஆகவே எண்வழி அடுக்கினால், ஓக்லிக்குப் பின் வரவேண்டிய ஓ'பிரையன் அவருக்கு முன்னே சென்றுவிடுவார்.

இதனைச் சீர்செய்யவே யூனிக்கோடு அமைப்பு படிப்படியாக ஒப்பிடும் முறையை வகுத்தது. முதலில் எழுத்து, அடுத்து அதன்மேலுள்ள கீற்று, பின்னர் பெரிய சிறிய எழுத்து வேறுபாடு. நிறுத்தற்குறியை இறுதிப் படியில் மட்டும் நோக்கலாம். முதற்படியிலேயே கணக்கிடவும் செய்யலாம். இரண்டும் ஏற்புடையவையே. ஆனால் ஒன்றைக்கொண்டு அடுக்கி மற்றொன்றைக்கொண்டு தேடலாகாது.

அவ்விபரீதம் உண்மையில் நேர்ந்தது. லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் வெளிவந்த 2.28 ஆம் பதிப்பில் தன் வரிசை விதிகளைப் புதுப்பித்தது. அதற்குமுன் '11' முன்னும் '1-1' பின்னுமாக நின்றன. அதன்பின் அவை இடம் மாறின. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சுட்டிகளோ பழைய வரிசையிலேயே இருந்தன. புதிய விதியோடு தேடிய கணினி பிழையான பக்கம் திரும்பி, உள்ள பதிவையே "இல்லை" என்றது. இல்லையென்று நம்பியதால், ஒருமுறையே இருக்கவேண்டிய பதிவை இரண்டாம் முறையும் ஏற்க இடமுண்டாயிற்று. சுட்டிகளை மீண்டும் கட்டுவதே பரிகாரமாயிற்று. 2022 இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 15 ஆம் பதிப்பு, தரவுத்தளம் எந்த விதிப்பதிப்பில் அமைந்தது என்பதைக் குறித்துவைத்து, அது மாறினால் எச்சரிக்கிறது.

நேயர்களே, வைத்தியசாலைப் பதிவாயினும் வாக்காளர் இடாப்பாயினும், தேடி அகப்படாத பெயருக்குரியவர் இல்லாதவராகவே நடத்தப்படுவார். ஆதலால் விதியை மாற்றுவோர், அதன்படி அடுக்கியதையும் உடன் மாற்றுதல் கடன்.