தழும்பா, திரும்பி வந்த கட்டியா?

போன மாசம் நத்தம் ரோட்டு பஸ்ல, சாணார்பட்டியில ஏறின பெரியவர் கையில ஸ்கேன் கவர். தொடையில சார்கோமா கட்டி எடுத்து ரெண்டு வருஷமாச்சாம். "பழைய படத்தையெல்லாம் எடைக்குப் போட்டுரவா தம்பி?"ன்னார். வேண்டவே வேண்டாம்யா!

ஏன்னா கதை பெருசு மக்களே. 1895ல ரான்ட்ஜன் கண்டுபிடிச்ச எக்ஸ்ரேயில எலும்பு பளிச். ஆனா தசை, தழும்பு, கட்டி மூணும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஆபரேஷன் பண்ண இடத்துல கட்டி மறுபடி முளைச்சா, கையால தடவித்தான் சந்தேகப்படணும்.

1971ல டமாடியன், எலியோட கட்டியும் நல்ல திசுவும் காந்தப்புலத்துல வேற வேற மாதிரி நடந்துக்குதுன்னு காட்டினார். 1973ல லாட்டர்பர் காந்தத்தை வச்சு படமே எடுத்தார். (2003ல நோபல் லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும். டமாடியன் பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடிச்சது தனிக்கதை :) )

எம்ஆர்ஐயில டி2ங்கிற வகைப் படத்துல பழைய தழும்பு கருப்பு, திரும்பின கட்டி பெரும்பாலும் வெளுப்பு. ஆனா கதிர்வீச்சு வீக்கமும் தேங்கின நீரும்கூட வெளுப்புத்தான்! அதனால உருண்டு திரண்டு இருக்கா, ஊசி மருந்து ஏத்தினா ஒளிருதா, முக்கியமா புதுசா வந்ததான்னு பார்க்கணும். பழைய படம் இல்லாம எதை வச்சு 'புதுசு'ன்னு சொல்றது?

பெரியவர் கவரை மடியில அழுத்தி வச்சுக்கிட்டார்.