தோலுக்குள்ள இருந்த காசு

டவுன்ல நீங்க ஜூஸ் போட்டதும் எலுமிச்சைத் தோலைக் குப்பையில போடுவீங்க. இங்க நாங்க எருக்குழியில வீசுறோம். இத்தாலியில சிசிலித் தீவுக்காரங்க அந்தத் தோலை வச்சே பிழைச்சிருக்காங்க.

பழத்தை ரெண்டா வெட்டி, சதையைச் சுரண்டிட்டு, தோலைத் தண்ணியில ஊற வைப்பாங்க. அப்புறம் கடல் பஞ்சுல வச்சுக் கையால அழுத்துவாங்க. பஞ்சு குடிச்ச எண்ணெயை மண்சட்டியில பிழிஞ்சு, மேல மிதக்கிறதை இறுத்துக்குவாங்க. காய்ச்சினா மணம் கெட்டுப்போகும்; அதுக்குத்தான் இவ்வளவு பாடு. 1709-ல ஜெர்மனியின் கொலோன் நகரத்துல இத்தாலிக்காரர் ஃபரினா தொடங்கின வாசனைத் தண்ணிக்கும் எலுமிச்சை வகைத் தோல் எண்ணெய்தான் உயிர்.

20-ஆம் நூற்றாண்டுல இயந்திரம் வந்து அந்தக் கைகளுக்கு வேலை போச்சு.

எண்ணெயில பெரும்பங்கு லிமோனீன். எலுமிச்சை மணம் தர்ற சிட்ரால் நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான். வெற்றிடக் கலத்துல, குறைஞ்ச சூட்டுல லிமோனீனைப் பிரிச்சு, அஞ்சு கிலோவை ஒரு கிலோவாக்குறாங்க. அதான் அடர் எண்ணெய். சோடாவுக்கும் பிஸ்கட்டுக்கும் துளி போதும்.

நம்ம எலுமிச்சை வேற இனம், அதோட எண்ணெய் மணமும் வேற. ஆனாலும் விலை விழுந்து மூட்டையோட சந்தையிலிருந்து திரும்புற நாள்ல, சாறுக்கு மட்டுந்தானே இத்தனை வருசமா விலை கேட்டோம்னு மனசு அடிச்சுக்குது.