தூண்டில் மடல்களின் வரலாறு

வந்த மடல் இன்னாரிடமிருந்துதான் வந்தது என்று பெறுவோர் தெளிவதற்காகவே முத்திரையும் கையொப்பமும் தோன்றின. கணினிகளுக்கிடையே அஞ்சல் செல்லும் முறையை 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் விதிகளாக வகுத்து வெளியிட்டார். அவ்விதிகளில் முத்திரைக்கு நிகரான ஒன்று இடம்பெறவில்லை. அனுப்புவோர் தம் பெயரென எதனை எழுதினாலும் மடல் போய்ச் சேரும். அக்காலத்தில் அதனைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்ந்தவர்கள். ஆதலின் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. இன்று வங்கியின் பெயராலும் அஞ்சல் நிலையத்தின் பெயராலும் நம்மை நாடி வரும் பொய் மடல்கள் அந்த வாயில் வழியாகவே நுழைகின்றன.

இக்களவு முதன்முதலில் தழைத்த இடம் 'அமெரிக்கா ஆன்லைன்' என்னும் நிறுவனத்தின் சேவையாகும். 1990களின் முற்பகுதியில், கட்டணம் செலுத்த விரும்பாத இளைஞர் சிலர், கணக்கிட்டுப் புனைந்த கடன் அட்டை எண்களைக் கொடுத்து அதில் சந்தாதாரர் ஆயினர். 1995இல் நிறுவனம் விழித்துக்கொண்டு, அட்டை எண்களைச் சரிபார்க்கும் முறையைக் கடுமையாக்கிற்று. பொய்க் கணக்கு தொடங்குவது அரிதாகவே, உண்மையான சந்தாதாரரின் கணக்கைப் பறிக்க அவர்கள் முனைந்தனர். அதற்கு 'ஏஓஹெல்' என்னும் மென்பொருள் துணை செய்தது. நிறுவனத்தின் ஊழியர் எழுதுவதுபோல் அது சந்தாதாரர்களுக்குச் செய்தி அனுப்பும். கணக்கைச் சரிபார்க்க வேண்டியுள்ளது, ஆகவே கடவுச்சொல்லைத் தெரிவிக்க வேண்டும் என்பது அச்செய்தியின் சாரம். நம்பியவர் பலர்.

மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, இத்தொழிலுக்குப் 'பிஷிங்' என்று பெயரிட்டனர். தொலைபேசிக் கட்டணத்தை ஏமாற்றிய முந்தைய கூட்டத்தார் தம் பெயரை எழுதிய பாணியே அவ்வெழுத்து மாற்றத்திற்குக் காரணம் என்பர். 1996 ஜனவரியில் இணையக் குழு ஒன்றில் இச்சொல் பதிவாகியுள்ளது. நாம் இதனைத் தூண்டில் மோசடி எனலாம்.

நிறுவனம் அதற்குச் செய்த மறுமொழி கருதத்தக்கது. எம் ஊழியர் எவரும் உம் கடவுச்சொல்லையோ கட்டண விவரத்தையோ கேட்கமாட்டார் என்னும் பொருள்பட ஓர் எச்சரிக்கை வரியை அது தன் செய்திப் பலகையிலேயே இட்டது. பிற்காலத்தில் வந்த அறிவுரைகள் பலவும் அவ்வரியை ஒத்தே அமைந்தன.

பின்னர்க் களவு பணத்தை நேரே நாடிற்று. 2001இல் 'ஈ-கோல்டு' என்னும் பணப் பரிமாற்றச் சேவையின் வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டனர். 2003க்குள் 'ஈபே', 'பேபால்' ஆகியவற்றைப் போன்ற போலித் தளங்கள் பெருகின. அஞ்சல் முறையின் பழைய குறையைத் தீர்க்க அறிஞர்களும் முயன்றனர். அனுப்பும் தளத்தைச் சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய முறைகள் 2000களிலும், அவற்றை இணைக்கும் டிமார்க் 2012இலும் வந்தன. இவை பயனுடையவையே. ஆயினும், ஓரெழுத்து மாறிய முகவரியைக் கள்வர் தம் பெயரில் பதிவு செய்துகொண்டால், அதற்கும் முறையான முத்திரை கிடைத்துவிடும்.

தோற்றத்தை நம்புவதன் அபாயத்தைச் சிங்கப்பூர் நேரில் கண்டது. 2021 டிசம்பரில், ஓசிபிசி வங்கியின் பெயரில் பலருக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையில் அவையும் போய் அமர்ந்தன. எழுத்துப் பிழையைத் தேடுவோர்க்கும், அனுப்பியவர் பெயரைப் பார்ப்போர்க்கும் அங்கே ஐயம் எழ வழியில்லை. ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தனர். வங்கி, நல்லெண்ண அடிப்படையில் அத்தொகையை ஈடு செய்தது. 2022 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் இணைப்புகளை வங்கிகள் நீக்கவேண்டும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்னும் குறியோடு வரலாயின.

இவ்வரலாற்றில் வேடம் பலமுறை மாறியிருக்கிறது; கேட்கும் பொருள் மாறவில்லை. 1995இலும் கடவுச்சொல், 2021இலும் கடவுச்சொல். அவசரமும் மாறவில்லை: கணக்கு முடக்கப்படும், பொட்டலம் திருப்பி அனுப்பப்படும், இன்றே செய்க என்பனவே அதன் சொற்கள். இந்நாளில் இயந்திரமே பிழையின்றி மடல் எழுதும். ஆகவே, மடல் எவ்வளவு அழகாயிருக்கிறது என்று நோக்குவதை விட, அது எதைக் கேட்கிறது என்று நோக்குவதே தக்கது. இரகசிய எண்ணைக் கேட்டாலும், தான் காட்டும் இணைப்பின் வழியே நுழையச் சொன்னாலும், அம்மடலை அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு, அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணுக்கு அழைத்தோ, நாமே முகவரியைத் தட்டெழுதியோ உண்மையை அறியலாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டவர் ஒரு நிமிடமும் தாழ்த்தலாகாது. உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். ஐயம் தெளியச் சிங்கப்பூரில் 1799 என்னும் எண் உண்டு. மலேசியாவில் பணம் பறிபோனவர்களுக்கென 997 என்னும் எண் 2022 முதல் இயங்குகிறது.

இவ்வளவு வழிகள் இருந்தும், ஏமாந்தவர் பலர் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் ஏசுவார்கள், அண்டை அயலார் நகைப்பார்கள் என்னும் நாணம் அவர்களைத் தடுக்கிறது. பணத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய நேரம் அந்த மௌனத்தில் கழிந்துவிடுகிறது. ஏமாந்தவர் பேராசையால் ஏமாந்தவர் அல்லர். தம் வங்கி சொன்னதாக எண்ணிக் கீழ்ப்படிந்தவர். 2024 டிசம்பர் 16இல் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த பகிர்ந்த பொறுப்புக் கட்டமைப்பு, இவ்வகை மோசடியில் வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையில் தவறினால் இழப்பை அதுவே ஏற்கவேண்டும் என்கிறது. குற்றம் முழுவதையும் ஏமாந்தவர் தலையில் சுமத்தும் வழக்கத்தை விதிகளே கைவிடத் தொடங்கியுள்ளன. நம் இல்லங்களும் அதனைக் கைவிட்டால், ஏமாந்தவர் உரிய நேரத்தில் வாய் திறப்பார்.