ஓய்வும் ஓர் ஒழுக்கமே: குற்றாலத்திலிருந்து டோனாவூர் வரை

சென்ற ஆடியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து குற்றாலம் சென்றிருந்தோம். தென்காசியில் ரயிலைவிட்டு இறங்கும்போதே முகத்தில் சாரல் விழுந்தது. எல்லாரும் பேரருவியின் கீழே தலைகொடுத்து நிற்க, உடன் வந்த தோழி ஒருவர் மட்டும் கரையிலேயே அமர்ந்துவிட்டார். ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த தாயாரைத் தனியொருவராகப் பேணியவர் அவர். தாயார் மறைந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. இறுதி மூச்சு பிரிந்த பிற்பகலில் அவர் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் கண்ணை மூடினேன், அதற்குள் போய்விட்டார்கள். நான் எப்படி அருவியில் நின்று மகிழ்வேன்?" என்றார். கிறித்தவர்; நாள் தவறாமல் வேதம் வாசிப்பவர். பிறர் பிழையை எளிதில் மன்னிக்கும் அவருக்குத் தம் உறக்கத்தை மன்னிக்க இயலவில்லை.

அன்றிரவு விடுதியில் இது குறித்தே பேசிக்கொண்டிருந்தோம். பிறர்மேல் கொள்ளும் இரக்கத்தைத் தமிழ் போற்றுகிறது. அதையே தன்மேல் கொண்டால் 'தன்னிரக்கம்' என்று முகம் சுளிக்கிறது. கழிவிரக்கம் என்ற சொல்லும் உண்டு. அது போனதை எண்ணி வருந்துவது. தன்னை ஒரு நோயாளியைப் போலக் கனிவுடன் நடத்திக்கொள்வதற்குப் பழியேறாத சொல் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை. சொல் இல்லாவிடினும் அந்த வழக்கம் இருந்ததா? கிறித்தவப் பக்திமரபில் அதைத் தேடிச் செல்ல, இதே மலைத்தொடரின் அடிவாரத்திலேயே ஒரு வரலாறு நமக்குக் கிடைத்தது.

முதலில் குற்றாலத்தைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். நோய்க்கு ஆறுதல் தரும் மலையாகவே இது இலக்கியத்திலும் வருகிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில், காதல்நோயால் வாடும் வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வருபவள் இம்மலையின் குறத்தி. கும்பினியார் காலத்தில் ஆங்கிலேயர் இதனைத் தம் உடல்நல வாசத்தலமாக்கினர். சாதிக்காய், இலவங்கப்பட்டைத் தோட்டங்களும் இட்டனர். 1830-களில் தாவரவியலாளர் இராபர்ட் வைட் இங்குச் செடிகொடிகளைத் திரட்டினார். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. எனினும் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுவதால் உயர்ந்த மலைகளுக்குரிய குளிர்ச்சி ஆனி முதல் ஆவணி வரை இங்கே இறங்கிவருகிறது.

மிஷனரிகளும் ஓய்வின் தேவையைத் துன்பப்பட்டே கற்றனர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனார் காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்த பின்னரே 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். ஓய்வு என்பது அவர்களுக்கு மரணத்தைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு. அது பக்தியின் ஒரு பகுதியா என்ற கேள்விக்கு விடை காண, தென்காசியிலிருந்து மலையை வலப்புறம் வைத்துத் தெற்கே செல்ல வேண்டும். கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு கடந்தால் டோனாவூர். 1820-களில் இரேனியஸ் ஐயர் காலத்தில் உருவான கிறித்தவக் குடியிருப்பு அது. பொருளுதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரைத் தாங்கியது.

அங்கே 1901-இல் குடிபுகுந்தவர் ஏமி கார்மைக்கேல். 1867-இல் அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, பின் ஒருமுறையும் தாயகம் திரும்பாதவர். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்து அவர் அமைத்த இல்லமே பின்னாளில் டோனாவூர் ஐக்கியம் எனப்பட்டது. குழந்தைகளும் பணியாளரும் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர்.

அம்மாவின் ஒழுங்கு கடுமையானது. தம்மிடத்தில் இன்னும் கடுமையானது. எனினும் அதற்குள் இரு மென்மைகள் இருந்தன. ஒன்று, 1916-இல் அவர் உருவாக்கிய சகோதரிகள் குழு. பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் கெரார்ட் குரூட் தொடங்கிய பொதுவாழ்வுச் சகோதரர் இயக்கமே அதற்கு முன்மாதிரி. தமிழில் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று அறியப்படும் நூலை எழுதிய தாமஸ் கெம்பிஸ் அம்மரபில் வளர்ந்தவர். குழந்தையைக் குளிப்பாட்டுவது, அடுப்பு மூட்டுவது, முழந்தாளிடுவது இவற்றிடையே உயர்வு தாழ்வு இல்லை என்பதே குழுவின் அடிப்படை. மற்றொன்று, முதல் உலகப்போர்க் காலத்தில் டோனாவூருக்கு மேலே வாங்கிய மலைக்காடு. ஓடையும் நீந்துவதற்கு ஒரு குளமுமாக, களைத்த பணியாளரும் குழந்தைகளும் சென்று தங்கிவர அமைந்த இடம் அது.

பிறருக்கு ஓய்வு ஏற்பாடு செய்த அவர் தமக்கு ஓய்வைக் கற்றுக்கொண்டது விபத்தினால். 1931 செப்டம்பர் 24. தமது பணிக்கு எது தேவையோ அதைத் தமக்குச் செய்யுமாறு அன்று காலை அவர் மன்றாடியிருந்தார். மாலையில் களக்காட்டில் வாடகைக்கு எடுத்த வீடு ஒன்றைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய ஒளியில், புதிதாகத் தோண்டிய குழியொன்றில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று எண்ணினர். அறுபத்து மூன்று வயதில் படுத்தவர், 1951 ஜனவரி 18 அன்று மறையும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

இங்கேதான் நாம் தேடியது கிட்டுகிறது. படுக்கையில் இருந்த அவருக்கு நண்பர்கள் ஆறுதல் நூல்களை அனுப்பினர். அவை அவரைத் தொடவில்லை. நலமாயிருப்போர் நோயாளிக்கு எழுதியவை என்பதே காரணம். எனவே நோயாளியே நோயாளிக்கு எழுதும் கடிதங்களை அவர் எழுதலானார். அவை 1933-இல் 'ரோஸ் ஃபிரம் பிரையர்' என நூலாயின; முட்செடியில் பூத்த ரோஜா எனப் பொருள் கொள்ளலாம். குணமடைந்த பின் எழுதியிருந்தால் வலியின் உண்மை மறந்துபோயிருக்கும். உறங்காத இரவுகளையும் வலியையும் அவர் அந்நூலில் மறைக்கவில்லை. நோய் தானாகவே ஒருவரைப் பக்திமானாக்கும் என்றும் சொல்லவில்லை.

அக்கடிதங்களிலிருந்தும் அவ்வறை வாழ்விலிருந்தும் சில அன்றாடப் பயிற்சிகளை நாம் பிரித்தெடுக்க முடிகிறது. வலியை வலி என்றே இறைவனிடம் சொல்லுதல். சங்கீதங்கள் பலவும் முறையீடுகள் அல்லவா? நீண்ட ஜெபத்துக்கு வலுவற்ற நாளில் ஒரு வரியோடு நிறைவடைதல். பிறர் செய்யும் பணிவிடையைக் கூச்சமின்றி ஏற்றல். வாழ்நாளெல்லாம் கொடுத்தவருக்கு இதுவே கடினம். சாளரத்தில் தெரியும் மரத்தையும் பறவையையும் நன்றியோடு காணுதல். தன் துன்பத்தைப் பிறர் துன்பத்துடன் சேர்த்து நினைத்தல். இந்தக் கடைசிப் பயிற்சியே தன்னிரக்கத்தின் கதவைத் திறந்துவிடுகிறது. தன்னிரக்கம் 'எனக்கு மட்டும் ஏன்?' என்று கேட்கும். அவரது கடிதங்களோ 'நமக்கு' என்று பேசுகின்றன.

இவ்வளவும் சொல்லி மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. அதே படுக்கையிலிருந்து 1938-இல் வந்தது 'இஃப்' என்னும் சிறு நூல். தமிழில் 'எனில்' எனலாம். சக பணியாளர் ஒருவர் அன்பில் தவறியதைக் கேள்வியுற்ற இரவில், இதில் தம் பிழை உண்டோ எனத் தம்மையே வினவிக்கொண்டபோது எழுந்த வாக்கியங்கள் அவை. நான் இப்படி நடந்தால் சிலுவையின் அன்பை அறியேன் என்ற பாங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருவன. ஆணவம் கொண்டவருக்கு அது மருந்து. ஏற்கெனவே தன்னை வாட்டிக்கொண்டிருப்பவர் கையில் அது சாட்டையாகிவிடும். நம் தோழியும் அந்நூலைப் படித்தவரே. அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஐந்தாண்டுகள் முந்திய கடிதங்கள் என்பது எமது துணிபு. ஒரே ஆசிரியரிடமும் எந்த நாளில் எதை எடுப்பது என்ற விவேகம் வேண்டும்.

இவ்விவேகம் அம்மாவுக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்க மரபில் பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட பக்திவாழ்வு குறித்த நூலில், தவறிய தன் இதயத்தைச் சினந்து அடிக்காமல் சாந்தமாகத் திருத்த வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்; கனிவான தந்தையின் சொல்லுக்கே பிள்ளை திருந்தும் என்பது அவர் காட்டும் ஒப்புமை. வேதத்துக்குள்ளும் இது உண்டு. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தூதன் உபதேசம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து மீண்டும் உறங்கவிட்டான். தமிழ் வேதத்தில் 'ஓய்வுநாள்' என்ற சொல்லே கட்டளையாக நிற்கிறது. அக்கட்டளை வேலைக்காரரையும் எருதையும் கழுதையையும் கூடச் சேர்த்துக்கொள்கிறது. எருதுக்கு உரிய இரக்கம் மகளுக்கு இல்லாமற்போகுமா?

மறுநாள் காலையில் தோழியிடம் இவற்றையெல்லாம் நாம் சொல்லவில்லை. சொற்பொழிவு கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டினோம். கெத்செமனேயில் தம் வேதனையின் உச்ச வேளையில் இயேசு திரும்பிவந்து பார்த்தபோது சீடர் உறங்கிக்கொண்டிருந்தனர். ஒரு மணி நேரமும் விழித்திருக்கக் கூடாதா என்று கேட்டார். கேட்டவரே, உள்ளம் விரும்பினும் உடல் தளர்ந்தது என்று அவர்கள் சார்பில் காரணமும் சொன்னார். தோழி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இடத்தை நூறு தடவை வாசித்திருக்கிறேன், கேள்வி மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது" என்றார்.

டோனாவூரில் அம்மாவின் கல்லறைக்குக் கல் இல்லை, அவரே வேண்டாமென்றார். அவ்விடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அதனால்தான் அதன் அடியில் மனிதர் நிற்க முடிகிறது. புறப்படும் முன் தோழியும் சற்று நேரம் அதன் கீழே நின்றார்.