மேலூர்க் கணினிக் கடைகள்

2001 நவம்பரில் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கக் கிராமங்களில் கணினிக் கடைகள் முளைக்கத் தொடங்கின. நகரத்து பிரௌசிங் சென்டர் போல வரிசையாகத் தடுப்பறைகள் கிடையாது. ஒரு கணினி, ஒரு பிரின்டர், ஒரு வெப்கேமரா, கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி. கடையைப் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே நடத்தினார்கள்.

போன் கம்பியே சரியாக எட்டாத ஊர்களுக்கு இணையம் எப்படி வந்தது? சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ மூலம். ஊருக்கு ஊர் செப்புக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்ற கணக்கில் பிறந்த நுட்பம் அது. ஒரு சிக்னல் கோபுரத்தைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டருக்குள் பேச்சும் இணையமும் காற்றிலேயே போகும். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய ‘குட் மார்னிங்’ படம் ஒன்று அதில் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள், கடையிலிருந்தே மின்னஞ்சலில் விண்ணப்பித்தார்கள். கண்ணில் கோளாறு என்றால் வெப்கேமராவில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். கிலோபிட்டை யார் கேட்டார்கள்?

சில ஆண்டுகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, கருவிகள் பழுதாயின என்பது பாதிக் கதைதான். ஆர்வத்தோடு அந்த விண்ணப்பங்களைக் கவனித்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் வேலை படுத்துவிட்டது.

நாடு முழுக்கவும் இதே இழுபறிதான். 2004-இன் பிராட்பேண்ட் கொள்கை, 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்றது. கிடைத்தது பாதியைச் சற்றே தாண்டியது. வீடுகளுக்குள் போகும் செப்புக் கம்பி பெரும்பாலும் அரசு நிறுவனங்களான பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் கையில் இருந்தது. அதைத் தனியாரும் பயன்படுத்தத் திறந்துவிடலாம் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் யோசனையைக் கொள்கை ஏற்கவில்லை.

அடுத்து 2011-இல் கண்ணாடி இழைத் திட்டம் வந்தது. சுமார் 20,000 கோடி ரூபாயில், இரண்டே ஆண்டில், இரண்டரை லட்சம் ஊராட்சிகள் என்றார்கள். ‘பாரத்நெட்’ என்று பெயர் மாறி, முதல் ஒரு லட்சத்தை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. பள்ளம் தோண்ட அனுமதிக்குக் காத்திருப்பு ஒரு பக்கம். புதைத்த இழையைச் சாலை வேலைக்கு வந்த ஜேசிபி அறுத்துப்போடுவது இன்னொரு பக்கம். இத்தனையும் தாண்டி வந்த இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றது. அங்கிருந்து அடுத்த தெருவுக்கு இழுப்பது யார் பொறுப்பு என்பது தெளிவாகவே இல்லை.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு மேலும் 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. வீட்டு இணைப்பு கொடுக்கும் வேலை இப்போது கிராமத்துத் தொழில்முனைவோரிடம். வருவாயில் அவர்களுக்கும் பங்கு. மேலூரில் 2001-இல் கடை போட்டவரும் அப்படி ஒரு ஊர்க்காரர்தான்.