விக்கிபீடியாவிலும் மாமூல்

2007 ஆகஸ்ட்ல விர்ஜில் கிரிஃபித் என்ற கால்டெக் மாணவர் விக்கிஸ்கேனரை வெளியிட்டார். பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. அப்பல்லாம் லாகின் பண்ணாம திருத்தினா ஐபி முகவரி வரலாற்றுப் பக்கத்துல பதிஞ்சுடும். அது எந்த நிறுவனத்தோடதுன்னு பொருத்திப் பார்த்தார், அவ்வளவுதான். வாக்கு இயந்திரம் செஞ்ச டீபோல்ட் கம்பெனி முகவரியிலிருந்து, அந்த இயந்திரங்களைக் குறை சொன்ன பத்திகளை 2005லயே தூக்கியிருக்காங்க. மானம் கப்பலேறிச்சு.

இவங்களாவது அப்பாவிங்க. பின்னாடி வந்தவங்க கணக்கு தொடங்கிட்டு வந்தாங்க, அதுவும் நூத்துக்கணக்குல. 2015 ஆகஸ்ட்ல ஆங்கில விக்கிபீடியாவில் 381 கணக்குகளை முடக்கினதா அறிவிச்சாங்க. முதல்ல சிக்கின கணக்கோட பேரால 'ஆரஞ்ச்மூடி' விவகாரம்னு சொல்வாங்க.

விளம்பர வாடை அடிக்குதுன்னு தன்னார்வலர்கள் நிராகரிச்ச வரைவுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதையே வாடிக்கையாளர் பட்டியலா எடுத்துக்கிட்டானுங்க! சின்ன வியாபாரிகள், கலைஞர்கள்னு தேடிப் பிடிச்சு, காசு குடுத்தா கட்டுரை வரும்னு பேரம். வந்தப்புறம் அது அழியாம பாத்துக்க மாசாமாசம் தனியா. நம்மூர் மாமூலேதான்.

கடைசியில 210 கட்டுரைகளை நீக்கினாங்க. காசு அழுத சின்னக் கடைக்காரருக்குக் கட்டுரையும் போச்சு, காசும் போச்சு. அன்னிக்கு நிராகரிச்ச தன்னார்வலர் சரியாத்தான் செஞ்சார், அதான் கடுப்பா இருக்கு.