ஓடப் பிறந்த கால்கள்



பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓட்டத்திற்குக் கிடைக்கும் கைதட்டல் நெடுந்தூர ஓட்டத்திற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இயற்கை மனிதனுக்கென்றே கொடுத்த வரம் நெடுந்தூர ஓட்டம்தான்.

“மானோட போட்டி போட்டு மனுசன் ஜெயிக்க முடியுமா?” என்று கேட்கலாம். குறுகிய தூரத்தில் முடியாதுதான். ஆனால் உச்சி வெயிலில் பல மணி நேரம் துரத்தினால் கதையே வேறு. ரோமம் மூடிய மான், உடம்புச் சூட்டைத் தணிக்க நின்று மூச்சிரைக்க வேண்டும். நமக்கோ 20 லட்சத்திற்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உண்டு; ஓடிக்கொண்டே உடம்பைக் குளிர வைக்கிறோம். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைநில வேடர்கள் இப்படித்தான் மான்களைத் துரத்திக் களைக்க வைத்துப் பிடித்தார்கள்.

நம் குதிகால் தசைநாண், வில்லின் நாண்போல் இழுபட்டு அடுத்த அடிக்கு விசை தருகிறது. பின்புறத் தசை, ஓடும்போது உடம்பு முன்னால் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த அமைப்பு சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே உருவாகத் தொடங்கியது என்று 2004-இல் பிராம்பிள், லிபர்மேன் எனும் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். இதனை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை என்றாலும், மனித உடம்பு நெடுந்தூரம் ஓட வல்லது என்பதில் ஐயமில்லை.

அப்படியென்றால் குறை எங்கே? வாய்ப்பில்தான்.

எத்தியோப்பிய நாட்டை இத்தாலி 1936-இல் பிடித்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1960-இல், அதே இத்தாலியின் தலைநகரான ரோமில் ஒலிம்பிக் நடந்தது. எத்தியோப்பிய மன்னரின் காவற்படை வீரர் அபெபே பிகிலா மாரத்தான் ஓட வந்தார். 42 கிலோமீட்டருக்கும் மேல். நம்ம பேச்சில் சொன்னால் 26 கட்டைக்கும் மேல்! காலில் சப்பாத்து இல்லை. வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முதலாவதாக வந்தார். அவர் நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1964-இல் தோக்கியோவிலும் அவரே வென்றார்.

பெண்களின் கதையும் இதுவே. இவ்வளவு தூரம் பெண் உடம்பு தாங்காது என்று சொல்லியே காலம் கடத்தினார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல்தான். அவ்வாண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடி வென்றார். பெண்ணின் உடம்பு 1984-இல் புதிதாய் மாறிவிடவில்லை. பூட்டியிருந்த கதவுதான் திறந்தது.

ஆகவே பெற்றோர்களே, “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?” என்று சொல்லாதீர்கள். “நம்ம பிள்ளையால முடியுமா?” என்றும் தயங்காதீர்கள். முதல் 100 மீட்டரில் பின்தங்கும் பிள்ளை பத்தாவது கிலோமீட்டரில் முந்தலாம். ஓடுவதற்கான கால்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஓட விடுவது நம் கையில் இருக்கிறது.